ஐலீன் பவர்: வரலாற்றாசிரியரா, கதைசொல்லியா?

பிப்ரவரி 4, மாலை. இந்த விவாத இழையில் வாசகர் ஒருவர் கேட்டது (அடுத்து தேதிவாரியாக வருபவை என் பதில்கள்):

"ஆங்கிலேய எழுத்தாளர் ஐலீன் பவரின் 'மிடீவல் பீப்பிள்' (இடைக்கால மனிதர்கள்) சுவையான புத்தகம், மறுக்கவில்லை. ஆனால் அதை வரலாறு என்று எந்தக் கணக்கில் சேர்ப்பது? 9ஆம் நூற்றாண்டு விவசாயி விடியற்காலையில் எழுந்து ஏர் பூட்டினான், அவன் மனைவி கோழியைத் தூக்கிக்கொண்டு பண்ணைவீட்டுக்குப் போனாள் என்றெல்லாம் எழுதினால் அது நாவல்தானே? பொதுமக்களுக்காக எழுதுகிறேன் என்று கிளம்புகிறவர்கள் எல்லாரும் கடைசியில் கதைசொல்லி ஆகிவிடுகிறார்கள்."

பிப்ரவரி 4, இரவு

அந்த விவசாயி போடோ, பவர் உருவாக்கிய பாத்திரம் இல்லை. பாரிஸை ஒட்டிய சான் ஜெர்மான் மடத்தின் தலைவர் இர்மினோன் 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மடத்து நிலம், குடிகள், அவர்கள் கட்டவேண்டியது எல்லாவற்றையும் ஊர் ஊராக எழுதி வைக்கச் செய்தார். அந்தப் பதிவேட்டில் போடோ இருக்கிறான். மனைவி எர்மென்ட்ரூட். மூன்று பிள்ளைகள். படைக்கு 2 வெள்ளி ஷில்லிங். காட்டில் பன்றி மேய்க்க 2 பீப்பாய் திராட்சை மது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை வேலி போட 100 பலகையும் 3 கழியும். பனிக்கால விதைப்புக்கு 4 கோல் உழவு, வசந்த விதைப்புக்கு 2 கோல். வாரத்துக்கு இரண்டு ஏவல் வேலை, ஒரு கைவேலை. 3 கோழி, 15 முட்டை. சொன்னால் வண்டியடிக்கவும் போகவேண்டும்.

கோயில் கணக்குத் தணிக்கையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். கேட்பு (கட்டவேண்டிய தொகை), வசூல், நிலுவை என்று பத்தி பிரித்த குத்தகைப் பட்டியல்களைப் பார்த்தே கண்ணாடி தடித்தது. ஒரு கோயிலில் ஒரு குத்தகைதாரர் பெயருக்கு நேரே பசலி (வருவாய் ஆண்டு) தவறாமல் "வாரிசு தெரியவில்லை" என்று பென்சில் குறிப்பு இருக்கும். நிலுவை மட்டும் ஏறிக்கொண்டே போகும். நானும் தணிக்கைத் தடை (ஆட்சேபக் குறிப்பு) எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போவேன். அந்த மனிதர் என்ன பயிர் வைத்தார், யாரோடு சண்டை போட்டார், ஏன் கட்டவில்லை என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. போடோ அத்தியாயத்தைப் படித்த பிறகுதான் அந்தப் பென்சில் குறிப்பு உறுத்தத் தொடங்கியது.

பவர் செய்தது இதுதான்: பட்டியலில் ஒரு வரியை எடுத்து, அந்த வரி உண்மையாக இருக்கவேண்டுமானால் அன்று அந்த ஊரில் என்னென்ன நடந்திருக்கவேண்டும் என்று கேட்டார். இதை நாவல் என்று நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

பிப்ரவரி 5, காலை

இன்னொரு நண்பர் "அவர் தொழில்முறை ஆய்வாளர் இல்லையே, பத்திரிகை எழுத்தாளர்தானே" என்று கேட்டிருக்கிறார். இல்லை. கேம்பிரிட்ஜ் கிர்ட்டன் கல்லூரியில் படித்தவர், பாரிஸில் வரலாற்றாசிரியர் லாங்லுவாவிடம் பயின்றவர், லண்டன் பொருளாதாரப் பள்ளியில் 1921 முதல் ஆசிரியர், 1931இல் பொருளாதார வரலாற்றுப் பேராசிரியர். மக்கள் படிக்கும் புத்தகம் வருவதற்கு இரண்டு வருடம் முன்பே, 1922இல், இங்கிலாந்தின் இடைக்காலக் கன்னிமடங்களைப் பற்றித் தடித்த ஆராய்ச்சி நூல் வந்துவிட்டது. 'மிடீவல் பீப்பிள்' 1924. அதே 1924இல் வரலாற்றாசிரியர் டானியோடு சேர்ந்து இங்கிலாந்தின் டியூடர் மன்னர் காலப் பொருளாதார ஆவணங்களை மூன்று தொகுதிகளாகப் பதிப்பித்தார். ஆவணம் தெரியாமல் கதை எழுதியவர் என்ற பேச்சுக்கே இடமில்லை.

பிப்ரவரி 5, மதியம்

அவசரத்தில் விட்டுப்போனது: பதிவேட்டில் போடோவுக்கு ஒரு மாவாலையில் பாதிப் பங்கும் உண்டு. அதற்குத் தனியாக 2 ஷில்லிங். புத்தகத்தில் அது காற்றாலை. ஐரோப்பாவில் காற்றாலை சுழல ஆரம்பித்தது 12ஆம் நூற்றாண்டில். போடோவின் காலத்தில் ஆற்றோரத்துத் தண்ணீர் ஆலைதான் இருந்திருக்கும். குறை சொல்லத் தேடுகிறவர்களுக்கு இதோ ஒன்று, என் செலவில்.

பிப்ரவரி 7, இரவு

கேள்வி கேட்ட நண்பர் விடுவதாக இல்லை. "சரி, பெயரும் வரியும் பதிவேட்டில் உண்டு. அந்த நாள்?" என்கிறார். நியாயமான கேள்வி. அத்தியாயத்தைக் கையில் பென்சிலோடு மறுபடி படித்தேன், பழைய தொழில் விடாது.

எர்மென்ட்ரூட் பண்ணைவீட்டுக்குக் கிளம்பும் காட்சியை எடுத்துக்கொள்வோம். கோழியும் முட்டையும் கட்டவேண்டியவை, பதிவேட்டில் உண்டு. கைக்குழந்தை ஹில்டகார்டைப் பார்த்துக்கொள்ள 9 வயது இரண்டாவது மகனை விட்டுவிட்டுப் போகிறாள். இங்கேதான் என் பென்சில் நின்றது. பவர் எடுத்துத் தரும் பதிவில் "மூன்று பிள்ளைகள்" என்ற அளவுதான். வீடோ, கெர்பெர்ட், ஹில்டகார்ட் என்ற பெயர்களும், 9 என்ற வயதும் கதை சொல்லும் பகுதியில் வருகின்றன. தணிக்கைக்காரன் பாஷையில் சொன்னால், ஆதாரச் சீட்டு இல்லாத செலவு.

அடுத்த வரியைப் பாருங்கள். வழியில் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக்கொள்கிறாள். அவள் எர்மென்ட்ரூட்டைவிடத் தாழ்ந்த நிலை, கொத்தடிமை. ஒரு கம்பளித் துணியைக் கொண்டுபோய்க் காரியஸ்தரிடம் கொடுக்கவேண்டும், அது மடத்துக்குப் போய்த் துறவிக்கு அங்கியாகும். இந்தப் பெண்ணுக்குப் பெயர்கூட இல்லை. ஆனால் கொத்தடிமைப் பெண்கள் துணி நெய்து கொடுக்கவேண்டும் என்பது ஆவணத்தில் உள்ள விஷயம். பதிவேட்டில் வேறு வேறு இடத்தில் கிடக்கும் இரண்டு கடமைகளைப் பவர் ஒரே பாதையில் நடக்கவிட்டார். ஒரே ஊரில் சுதந்திரக் குடியும் அடிமைக் குடியும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தன, கொடுக்கவேண்டியவை மட்டும் வேறு வேறு என்பதை ஒரு பேராசிரியர் மூன்று பக்கம் விளக்குவார். பவர் இரண்டு பெண்களை நடக்கவைத்து முடித்துவிட்டார்.

ஆக, ஒன்பது வயது ஆதாரமில்லாதது, கம்பளித் துணி ஆதாரமுள்ளது. இரண்டையும் ஒரே தராசில் போட்டு "எல்லாம் கற்பனை" என்பது சரியில்லை.

பிப்ரவரி 8, அதிகாலை

தூக்கம் வரவில்லை. நேற்று எழுதியதில் பவருக்குக் கொஞ்சம் அதிகமாகவே வக்காலத்து வாங்கிவிட்டேனோ என்று தோன்றுகிறது. அந்த நாள் ரொம்ப நல்ல நாளாக இருக்கிறது. குளிர் உண்டு, காரியஸ்தர் மேல் பயம் உண்டு. ஆனால் பட்டினி வரவில்லை. போடோ பாடுகிறான், மந்திரம் முணுமுணுக்கிறான், ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் பாட்டம், சான் டெனி சந்தை, சக்கரவர்த்தி ஷார்லமேன் அந்தப் பக்கம் வரும்போது எல்லாரும் வாய் பிளந்து பார்க்கிறார்கள். விளைச்சல் பொய்த்த வருடத்தில் அந்த 15 முட்டையை எப்படிக் கொடுத்தான் என்று பவர் கேட்கவில்லை. பட்டியலில் கேட்பு மட்டும்தானே இருக்கிறது. வசூலும் நிலுவையும் கிடைத்திருந்தால் போடோ அவ்வளவு பாடியிருக்கமாட்டான் என்பது என் சந்தேகம்.

பிப்ரவரி 8, மாலை

புத்தகத்தில் யானை எங்கே வருகிறது என்று கேட்டவருக்கு: அதே போடோ அத்தியாயத்தில். பாக்தாத் கலிபா ஹாரூன் அல் ரஷீத் ஷார்லமேனுக்கு அனுப்பிய யானை 802இல் வந்து சேர்ந்தது, 810இல் செத்தது. யானையால் படுக்கவே முடியாது என்று பழைய நூல் ஒன்று சொல்லிவைத்திருந்தது. டிகுயில் என்ற ஐரிஷ் துறவி 825 வாக்கில் அதை மறுத்தார்: யானை மாடு மாதிரிதான் படுக்கும், பிராங்க் நாட்டு ஜனங்கள் கண்ணாலேயே பார்த்தார்கள் என்று. கோயில் யானை பார்த்து வளர்ந்த நமக்கு இது சண்டைக்குரிய விஷயமே இல்லை. அங்கே நூல் எழுதி நிலைநாட்ட வேண்டியிருந்தது.

பிப்ரவரி 10

கன்னிமடத் தலைவி அத்தியாயம் பற்றி ஒருவரும் பேசவில்லையே? எனக்குப் புத்தகத்திலேயே பிடித்தது அதுதான்.

14ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சாசர் தன் காவியத்தில் மதாம் எக்லன்டைன் என்ற மடத்தலைவியை வர்ணித்திருக்கிறார். நாசூக்காகச் சாப்பிடுவாள், குட்டி நாய்களுக்கு வறுத்த கறி போடுவாள், நெற்றி அகலம். இலக்கிய ஆசிரியர்கள் இதை நையாண்டி என்று சொல்லிவிட்டு நகர்வார்கள். பவர் ஆயர்களின் பதிவேடுகளைத் திறந்தார். இடைக்கால ஆயர் தன் ஆளுகைக்குட்பட்ட மடங்களுக்குப் போய், ஒவ்வொரு கன்னியையும் தனித்தனியே கூப்பிட்டு விசாரித்து எழுதி வைப்பார். தணிக்கை என்றால் அது தணிக்கை. தலைவி கணக்குக் காட்டுவதில்லை, கூரை ஒழுகுகிறது, வழிபாட்டுக்கு நாயைத் தூக்கிக்கொண்டு வருகிறாள், இன்னார் விடிகாலை ஜெபத்தில் தூங்குகிறார். ஒவ்வொருத்தியும் அடுத்தவளைப் பற்றி ஒப்பிப்பாள். எனக்குச் சில அலுவலகங்கள் ஞாபகம் வந்தன. பெயர் வேண்டாம்.

ஆயர்கள் நூற்றாண்டுக் கணக்கில் மூன்று விஷயங்களோடு மல்லுக்கட்டினார்கள் என்று பவர் காட்டுகிறார்: நாய், நடனம், நாகரிக உடை. மூன்றையும் தடை செய்து உத்தரவு போட்டுக்கொண்டே இருந்தார்கள். திரும்பத் திரும்ப உத்தரவு போட்டார்கள் என்றாலே அது நடக்கவில்லை என்று அர்த்தம். எந்தச் சுற்றறிக்கை வருடாவருடம் வருகிறதோ அதை யாரும் மதிக்கவில்லை என்பது அரசு வேலை பார்த்த எவனுக்கும் தெரியும்.

1298இல் போப் எட்டாம் போனிபேஸ், கன்னிகள் மடத்தை விட்டு வெளியே வரவே கூடாது என்று ஆணை போட்டார். இங்கிலாந்தில் லிங்கன் மறைமாவட்டத்து ஆயர் ஒரு மடத்துக்குப் போய் அந்த ஆணையை வாசித்து, ஒரு பிரதியையும் கொடுத்துவிட்டுக் குதிரையேறினார். கன்னிகள் வாசல் வரை துரத்திக்கொண்டு ஓடி, அந்த ஆணையை அவர் தலைமேலேயே வீசி எறிந்து, இதற்கெல்லாம் கட்டுப்படமாட்டோம் என்று கத்தினார்கள். இதை எழுதி வைத்திருப்பது ஆயரின் பதிவேடு. அடி வாங்கிய கட்சியே பதிவு செய்த சாட்சியம், இதைவிட என்ன வேண்டும்?

பிப்ரவரி 10, இரவு

துட்டிவில்லஸை மறந்துவிட்டேன். வழிபாட்டில் சங்கீதங்களை அவசர அவசரமாக ஒப்பிக்கும்போது விழுங்கப்படும் எழுத்துகளையும் சொற்களையும் பொறுக்கிச் சேர்ப்பதற்கென்றே இருந்த குட்டிச் சாத்தான். தினம் 1,000 மூட்டை தன் எசமானிடம் சேர்க்கவேண்டுமாம். நம் ஊரில் சில அர்ச்சனைகளுக்கு அவனுக்கு லாரி தேவைப்படும்.

பிப்ரவரி 12

வாழ்க்கையைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள்.

1889இல் மான்செஸ்டர் பக்கத்து ஆல்ட்ரிங்காமில் பிறந்தவர். அப்பா பங்குத் தரகர், மோசடி வழக்கில் சிறை போனார். குடும்பத்தில் அவர் பேச்சே எடுக்கப்படாமல் போனது. ஐலீனுக்கு 14 வயதில் அம்மாவும் காசநோயில் போய்விட்டார். மூன்று பெண் பிள்ளைகள், அம்மாவின் சகோதரிகள் வீட்டில், ஆக்ஸ்போர்டில் வளர்ந்தார்கள். மூவருமே தேறினார்கள்: நடுவில் பிறந்த ரோடா பிற்பாடு பிபிசியில் பள்ளிப் பிள்ளைகளுக்கான வரலாற்று ஒலிபரப்பில் பெரிய கை, இளையவர் பெரில் அரசுப் பணியில் உயர்ந்தார். ஐலீனும் ரோடாவும் சேர்ந்து குழந்தைகளுக்கு வரலாற்று நூல்கள் எழுதினார்கள். முதல் நாள் கேள்வியில் கொஞ்சம் இளக்காரமாகச் சொன்ன "பொதுமக்களுக்கான எழுத்து" அந்த அக்கா தங்கைக்குக் குடும்பத் தொழில்.

ஐலீன் கேம்பிரிட்ஜில் முதல் வகுப்பில் தேறினார். பட்டம் கிடையாது. பெண்களுக்கு அந்தப் பல்கலைக்கழகம் முழுப் பட்டம் கொடுக்க ஆரம்பித்தது 1948இல், ஐலீன் இறந்து எட்டு வருடம் கழித்து.

1920இல் ஆல்பெர்ட் கான் என்ற பிரெஞ்சு வங்கியாளர் நிறுவிய பயண நல்கை கிடைத்தது. உலகம் சுற்றும் நல்கை. இந்தியா வந்தார், சீனா போனார். அந்த டிசம்பரில் நாக்பூர் காங்கிரஸ் நடந்தபோது அங்கே இருந்தார். ஒத்துழையாமைத் தீர்மானம் உறுதிப்பட்ட மாநாடு அது, தலைமை நம் சேலம் விஜயராகவாச்சாரியார். இடைக்கால மடங்களைப் படித்த ஒரு பெண், அவ்வளவு பெரிய கூட்டம் ஓர் அரசாங்கத்தை வேண்டாம் என்று சொல்வதை நேரில் பார்த்திருக்கிறார். திரும்பிய பிறகு கிர்ட்டன் வேண்டாம் என்று லண்டனுக்கு மாறினார். பயணத்துக்கும் அந்த மாற்றத்துக்கும் சம்பந்தம் உண்டு என்பது என் ஊகம்.

பிப்ரவரி 12, இன்னும் கொஞ்சம்

உடை பற்றிக் கேட்டவருக்கு: ஆமாம், பாரிஸ் மோஸ்தரில் உடுத்துவார். மெக்லன்பர்க் சதுக்கத்து வீட்டில் சமையலறையில் நடன விருந்து வைப்பார். கன்னிகளின் நாய், நடனம், உடை பற்றி அவ்வளவு குதூகலமாக எழுதியவர் அதில் இரண்டையாவது தானும் கடைப்பிடித்தார். நாய் வளர்த்தாரா என்று என்னைக் கேட்காதீர்கள்.

சீனச் சிறுவன் பேரரசன் பூயிக்கு ஆங்கில ஆசிரியராக இருந்த ரெஜினால்ட் ஜான்ஸ்டனோடு நிச்சயம் ஆகி, பிறகு முறிந்தது. 1937இல் தன் பழைய மாணவர் மைக்கேல் போஸ்டனை மணந்தார். போஸ்டன் பத்து வயது இளையவர். இதோடு கிசுகிசுப் பகுதி முடிந்தது.

பிப்ரவரி 15

பாரிஸ் கணவர் அத்தியாயத்தைப் பற்றி ஓர் அம்மா கோபமாக எழுதியிருக்கிறார். "60 வயதைத் தாண்டியவன் 15 வயதுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அவளுக்குப் புத்தி சொல்லி நூல் எழுதுகிறான், பவர் அவனை அன்பான கிழவர் என்கிறாரே." படித்தபோது எனக்கும் தொண்டையில் சிக்கிய இடம்தான்.

விவரம் தெரியாதவர்களுக்கு: 1390களில் பாரிஸில் வசதியான ஒருவர், பெயர் தெரியாது, தன் சின்ன மனைவிக்காக ஒரு கையேடு எழுதினார். மற்றவர் முன்னால் திட்டாதீர்கள், ராத்திரி அறையில் தனியே சொல்லுங்கள் என்று அந்தப் பெண் கேட்டுக்கொண்டாளாம். அதற்குப் பதில்தான் நூல். இறைபக்தி, கணவனுக்கு அடங்குவது, வேலைக்காரர்களை நடத்துவது, தோட்டம், சமையல், மை காய்ச்சுவது, மென்மயிர் உடுப்பில் எண்ணெய்க் கறை போக்குவது. படுக்கையறையில் தெள்ளுப்பூச்சியை ஒழிக்க ஆறு வழி. அதில் ஒன்று: ரொட்டித் துண்டில் பசை தடவி, நடுவே மெழுகுவர்த்தி ஏற்றி அறையில் ஆங்காங்கே வைப்பது. ஒழுகும் கூரை, புகையும் அடுப்பு, சண்டைக்கார மனைவி மூன்றும் மனிதனை வீட்டைவிட்டு விரட்டும் என்று ஊர்ச் சொலவடையும் உண்டு.

தான் செத்த பிறகு அவள் இன்னொருவரை மணப்பாள் என்று அந்த மனிதர் எடுத்த எடுப்பிலேயே ஏற்றுக்கொள்கிறார். அந்த வருங்காலக் கணவன் "முதல் புருஷன் ஒன்றும் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது" என்று சொல்லிவிடக் கூடாதே என்பதுதான் கவலை. பவர் மயங்கியது இந்த இடத்தில். நானும் முதல் வாசிப்பில் மயங்கினேன். மறுபடி பார்க்கும்போது, அடங்கி நடப்பதைப் பற்றி அவர் சொல்லும் பக்கங்களைப் பவர் மறைக்கவில்லை, ஆனால் மெதுவாகக் கடந்துபோகிறார். அந்தப் பெண்ணின் குரல் எந்த ஆவணத்திலும் இல்லை. போடோவின் மகனுக்கு வயது கொடுத்தவர், இந்தச் சிறுமிக்கு ஒரு சொல்லைக்கூடக் கொடுக்கவில்லை. சரியா தவறா என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை. கொடுத்திருந்தால் முதல் கேள்வி கேட்ட நண்பர் சண்டைக்கு வந்திருப்பார்.

1928இல் பவர் அந்த நூலையே ஆங்கிலத்தில் தந்தார். அந்த அம்மா கிழவரோடு நேரடியாகச் சண்டை போட விரும்பினால் அதைப் படிக்கலாம். சமையல் பகுதி நன்றாக இருக்கிறது.

பிப்ரவரி 18

"தன் துறையில் புதிதாக என்ன சொன்னார்?" என்ற கேள்விக்கு ஒரே பதில்: கம்பளி.

1939இல் ஆக்ஸ்போர்டில் நிகழ்த்திய போர்ட் சொற்பொழிவுகள், இறந்த பிறகு 1941இல் சின்னப் புத்தகமாக வந்தன. இடைக்கால இங்கிலாந்தின் கஜானா ஆட்டு முதுகில் இருந்தது. 1275இல் ஏற்றுமதியாகும் கம்பளி மூட்டைக்கு 6 ஷில்லிங் 8 பென்ஸ் சுங்கம் வந்தது. போர் வந்தபோதெல்லாம் அரசன் கை அங்கேதான் நீண்டது. மூன்றாம் எட்வர்ட் இத்தாலிய வட்டிக்கடைகளில் கடன் வாங்கிப் பிரான்சோடு சண்டை போட்டான். அடமானம் கம்பளி. யாருடைய கம்பளிக்கு யார் வரி போடுவது என்ற இழுபறியில் வணிகர்களுக்கும் பாராளுமன்றத்துக்கும் வலு சேர்ந்தது. பிரபுக்கள் அவையில் சான்சலர் இன்றைக்கும் கம்பளிப் பொதியில் உட்கார்கிறார் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார், இப்போது அதில் உட்காருவது அவைத்தலைவர், 2006 முதல்.

எனக்குப் பிடித்தது வேறொன்று. பெரிய மடங்களின் மந்தைகளுக்குக் கணக்கேடு உண்டு, ஆகவே ஆராய்ச்சியாளர்கள் எல்லாரும் மடத்து ஆடுகளையே எண்ணினார்கள். பவர் குறுக்கே வந்து, சின்னக் குடியானவர்கள் வீட்டுக்குப் பத்து இருபது என்று வைத்திருந்த ஆடுகளும் சேர்ந்தால் பெரிய தொகை என்றார். எழுதியவன் கணக்கில் வருகிறான், எழுதாதவன் விடுபடுகிறான். போடோவைத் தேடிய அதே கண். மக்கள் புத்தகம் எழுதிய பவர் ஒருத்தி, ஆராய்ச்சி செய்த பவர் இன்னொருத்தி என்று இந்த இழையில் சிலர் பிரித்துப் பேசுகிறார்கள். எனக்கு அப்படிப் பிரிக்கத் தெரியவில்லை.

பிப்ரவரி 19

1940 ஆகஸ்டில் மாரடைப்பு. 51 வயது. போஸ்டன் அதற்கு இரண்டு வருடம் முன்னால் கேம்பிரிட்ஜில் பொருளாதார வரலாற்றுப் பேராசிரியர் ஆகியிருந்தார். அவர் 1981 வரை இருந்தார், மாணவர்கள், பள்ளி, எதிர்ப்பள்ளி எல்லாம் உருவாயின. அதே தலைமுறையில் பிரெஞ்சு வரலாற்றாசிரியர் மார்க் பிளோக்கின் பெயர் உலகம் முழுக்கப் போனது. ஐரோப்பியப் பொருளாதார வரலாற்றுக்குக் கேம்பிரிட்ஜ் தொடங்கிய பெருந்தொகுதியின் முதல் பாகத்தில் பிளோக் எழுதினார், அதன் பதிப்பாசிரியர்கள் கிளாப்பமும் பவரும். பெயர் மங்கியதற்கு மக்களுக்காக எழுதியதுதான் காரணம் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கென்னவோ சீக்கிரம் செத்ததும், பெண்ணாக இருந்ததும் போதுமான காரணங்கள்.

மேலே ஒருவர் போஸ்டனைத் திட்டியிருக்கிறார், அது வேண்டாம். பெண்கள் பற்றிய பவரின் உரைகளை 1975இல் புத்தகமாக்கியது அவர்தான். 'மிடீவல் பீப்பிள்' 1963 பதிப்பில் முன்னால் ஓர் அத்தியாயத்தைச் சேர்த்ததும் அவர்தான். அது 1938 குளிர்காலத்தில் பவர் வாசித்த கட்டுரை. ரோமப் பேரரசு சரியும்போது உள்ளே இருந்தவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்ற கேள்வி. கவிஞர் ஆசோனியஸ் திராட்சைத் தோட்டத்தைப் புகழ்ந்தார். ரோமப் பிரபு சிடோனியஸ் பந்து விளையாடினார், கடிதம் எழுதினார், ஊசிப்போன வெண்ணெயைத் தலையில் தடவிய, வெளியிலிருந்து வந்து குடியேறிய ஏழடி பர்கண்டியர்களின் நாற்றத்தைப் பற்றிப் புகார் சொன்னார். வீட்டுக்குள் வந்துவிட்டவர்களைப் பற்றி அவருக்குத் தோன்றியது நாற்றம் ஒன்றுதான். ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்த மியூனிக் ஒப்பந்தம் கையெழுத்தாகிச் சில வாரமே ஆன சமயத்தில் இதை வாசித்தால், கேட்டவர்களுக்குத் தனியாக விளக்கவேண்டி இருந்திருக்காது.

பிப்ரவரி 21

தலைப்பை விட்டு விலகுகிறேன் என்றால் நிர்வாகி வெட்டிவிடட்டும்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன் குடியேற்றிய தளிச்சேரிப் பெண்டுகள் (கோயில் ஆடல் மகளிர்) 400 பேரின் பட்டியல் இருக்கிறது. எந்தச் சேரி, எந்தச் சிறகு (தெருவின் பக்கம்), எத்தனையாவது வீடு, "நக்கன்" என்று தொடங்கும் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள் என்பது வரை. ஆளுக்கு ஒரு பங்கு, வருடத்துக்கு 100 கலம் நெல். இர்மினோனின் பதிவேட்டில் வீட்டு எண் கிடையாது, நம்முடையதில் உண்டு. ஆய்வாளர்கள் இதை நன்றாகவே அலசியிருக்கிறார்கள். ஆனால் பக்கத்துப் பக்கத்து வீட்டு இரண்டு பெண்களை எடுத்து, ஒருத்தி திருவாரூர்க்காரி, இன்னொருத்தி வேறு ஊர்க்காரி, முதல் வருடத்து நெல் அளக்கும் நாளில் என்ன பேசியிருப்பார்கள் என்று ஆதாரத்தை மீறாமல் யாராவது ஒரு 30 பக்கம் எழுதட்டும். நாவல் வேண்டாம். நாவல் நிறைய இருக்கிறது, எல்லாவற்றிலும் இளவரசிதான்.

நீங்களே எழுதலாமே என்பவர்களுக்கு: எனக்குத் தடை எழுதத்தான் தெரியும்.

பிப்ரவரி 23

எந்த அத்தியாயத்தில் தொடங்குவது என்று புதிதாக வந்த தம்பி கேட்கிறார். மார்கோ போலோவைக் கடைசிக்கு வையுங்கள். போலோவையே நேராகப் படிப்பது மேல், பழையகாயல் துறைமுகமும் முத்துக்குளிப்பும் அவர் வாயாலேயே கிடைக்கும். இங்கிலாந்தின் கோகஷால் ஊர்த் துணி வணிகர் பேகாக் பற்றிய அத்தியாயம் வீட்டையும் உயிலையும் வைத்து ஒரு மனிதரை எப்படிக் கட்டி எழுப்புவது என்பதற்கு நல்ல பாடம், ஆனால் மெதுவாகப் போகும்.

தாமஸ் பெட்சனில் தொடங்குங்கள். பிரெஞ்சுக் கரையில் உள்ள கலே துறைமுகத்தில் ஆங்கிலக் கம்பளி வணிகர். 1476 ஜூன் 1 அன்று, தனக்கு நிச்சயித்த பெண் கேதரினுக்குக் கடிதம் எழுதுகிறார். அவளுக்குப் 13 வயது இருக்கலாம். ஒழுங்காகச் சாப்பிடு, சீக்கிரம் பெரியவளாகு என்கிறார். என் குதிரைக்கு வணக்கம் சொல், அதன் வயதில் நான்கு வருடத்தை உனக்குக் கொடுக்கச் சொல், நான் ஊருக்கு வந்ததும் என் வயதில் நான்கை அதற்குத் தந்துவிடுகிறேன், கூடவே நான்கு குதிரை ரொட்டியும் தருகிறேன் என்கிறார். வீட்டுக் கடிகாரத்தையும் விசாரிக்கிறார். அது எப்போதும் நேரம் தவறி முந்தி அடிக்குமாம், திருந்தச் சொல் என்கிறார். கீழே எல்லாரும் சாப்பிடப் போய்விட்டார்கள், உடனே இறங்கி வா என்று கத்துகிறார்கள் என்று எழுதிவிட்டு முடிக்கிறார். இரண்டு வருடம் கழித்துக் கல்யாணம் நடந்தது.

பாரிஸ் கிழவர் மேல் கோபமாக இருக்கும் அம்மா இவரையும் திட்டக்கூடும், வயதைப் பார்த்தால் திட்டவும் இடமுண்டு. குதிரையை மட்டும் விட்டுவிடுங்கள்.